கூரைப் பீலியும் குடும்பத்தின் குடிநீரும்: பராமரிப்பின் பொருளாதாரம்

நம் நாட்டின் வளர்ச்சி முயற்சிகளில் புதிய சொத்துகளை உருவாக்குவதற்கு அளிக்கப்படும் கவனம், உருவாக்கப்பட்ட சொத்துகளைப் பேணிக் காப்பதற்கு அளிக்கப்படுவதில்லை. அணைக்கு அடிக்கல் நாட்டும் நாளில் விழா நடைபெறுகிறது. கால்வாயில் தூர் வாரும் நாளில் விழா ஏதும் இல்லை. பெரும் பாசனத் திட்டங்களுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, ஒவ்வொரு வீட்டின் கூரை விளிம்பிற்கும் பொருந்துவதாகும். கூரையில் விழும் மழைநீரை ஏந்திக் குழாய் வழியே இறக்கும் பீலி, வீட்டின் உறுப்புகளில் மிகவும் மலிவானது. மிகவும் எளிதில் மறக்கப்படுவதும் அதுவே. அது அடைபட்டால் சுவர் நனைகிறது, அடித்தளம் அரிக்கப்படுகிறது, கொசு பெருகுகிறது, தொட்டிக்கு வர வேண்டிய குடிநீர் தெருவில் ஓடுகிறது. ஆகவே, பீலியைத் தூய்மையாக வைத்திருத்தல் ஒரு வீட்டு வேலை மட்டுமன்று. அது நீர்வளம், பொதுச் சுகாதாரம், பொதுச் செலவு ஆகிய மூன்றையும் தொடும் பொருளாதாரப் பிரச்சினையாகும்.

பழைய அறிவு

கூரைநீரை முறையாக வெளியேற்றும் கலை இந்நாட்டிற்குப் புதிதன்று. சிந்துவெளி நகரங்களில் மாடிகளிலிருந்து நீரை இறக்குவதற்குச் சுட்ட மண் குழாய்கள் சுவர்களில் பதிக்கப்பட்டிருந்ததை அகழாய்வுகள் காட்டியுள்ளன. இராஜஸ்தானத்தின் மேற்குப் பகுதிகளில், வீட்டின் கூரையில் விழும் மழைநீரைக் குழாய்களின் வழியே தரைக்கடியிலுள்ள ‘டாங்கா’ என்னும் தொட்டியில் சேர்த்துவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ‘பாலர் பானி’ என்று அங்குள்ள மக்கள் அழைக்கும் மழைநீரே மிகத் தூய நீராக மதிக்கப்பட்டது. ஆண்டின் முதல் மழை தொட்டிக்குள் விடப்படுவதில்லை. அது கூரையையும் குழாயையும் கழுவுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. நீர் அரிதாகக் கிடைத்த மண்ணில், அந்நீரின் ஒரு பகுதியைத் தூய்மைக்காக விட்டுக்கொடுக்கும் கட்டுப்பாடு நிலவியது என்பது கருதத்தக்கது.

மழை மிகுந்த மாநிலத்தில் நீர்ப் பஞ்சம்

நீர் மிகுதியாகப் பெய்யும் இடங்களில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. மேகாலயத்தின் சோரா (செர்ராபுஞ்சி), மாசின்ராம் ஆகிய இடங்களின் ஆண்டுச் சராசரி மழை 11,000 மில்லிமீட்டருக்கும் மேலாகும். எனினும் குளிர்கால மாதங்களில் அங்குள்ள ஊர்களில் குடிநீர்த் தட்டுப்பாடு தோன்றுகிறது. செங்குத்தான சரிவுகளில் விழும் நீர் தங்குவதில்லை என்பதே காரணம்.

மிசோரம் மாநிலத்தின் தலைநகரான அய்சால் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1,100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், மலை முகடுகளின் மீது இந்நகரம் அமைந்துள்ளது. மழை பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை பெய்கிறது; நவம்பர் முதல் மார்ச் வரை வானம் வறண்டிருக்கும். ஆறு, பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. நகரத்தின் குழாய்நீர் த்லாங் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திற்கு எந்திரங்களால் ஏற்றப்பட வேண்டியுள்ளது. சரிவுகளில் ஊறும் சிற்றூற்றுகளை முன்பு மக்கள் நம்பியிருந்தனர். மக்கள்தொகை பெருகிய நகரத்திற்கு அவை போதா. எனவேதான் நெளிதகடு வேய்ந்த சாய்வுக் கூரை, அதன் விளிம்பில் தகரப் பீலி, அதன் முடிவில் நீர்த்தொட்டி என்னும் அமைப்பு இங்கு வீடுதோறும் காணப்படும் காட்சியாயிற்று.

இவ்வமைப்பின் பயனைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். கூரையின் பரப்பு 60 சதுர மீட்டர், ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். ஆவியாதல், சிதறல், முதல் மழையின் கழிவு ஆகியவற்றிற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஆண்டிற்கு 96,000 லிட்டர் நீர் கிடைக்கும். 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஊரகப் பகுதிகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்னும் அளவை வகுத்துள்ளது. அவ்வளவின்படி ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டிற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 1,00,000 லிட்டர். அதாவது, ஒரு சிறிய கூரையில் விழும் நீர் ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவைக்கு ஏறக்குறைய ஈடாகிறது.

அவ்வளவு நீரையும் சேமிக்கப் பெரிய தொட்டி வேண்டும் என்பது உண்மையே. ஆனால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் எனக் கொண்டால், ஐவருக்கு 150 வறண்ட நாட்களுக்குத் தேவைப்படுவது 3,750 லிட்டரே. 5,000 லிட்டர்த் தொட்டி ஒன்று இதற்குப் போதும். ஆனால், மழைக்காலம் முடியும் நாளில் அத்தொட்டி நிறைந்திருத்தல் வேண்டும். பீலியின் முக்கியத்துவம் இங்கேதான் வெளிப்படுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் பீலி பாதி அடைபட்டிருந்தாலும் அடுத்தடுத்த மழை தொட்டியை நிரப்பிவிடும். அக்டோபரின் கடைசி மழைகளில் அடைபட்டிருந்தால், அந்த இழப்பை ஈடுசெய்ய மார்ச் வரை மழை வாராது. மழைக்கு முன் ஒரு முறை பீலியைத் துடைத்துவிட்டு மறந்துவிடுவோர் அறிய வேண்டிய செய்தி இது.

பொதுச் செலவின் நோக்கிலும் இதனைக் காணலாம். 1,000 லிட்டர் நீரை 1,000 மீட்டர் உயரத்திற்கு ஏற்றுவதற்குக் கோட்பாட்டளவில் 2.7 யூனிட் மின்சாரம் தேவை. எந்திரங்களின் திறன் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 4 யூனிட் ஆகும். அடைபட்ட பீலியிலிருந்து வழிந்தோடும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டர் நீருக்கும் ஈடாக, பள்ளத்தாக்கிலிருந்து அதே அளவு நீரை ஏற்ற வேண்டியிருப்பின், அந்த மின்சாரச் செலவு சமுதாயத்தின் மீது விழுகிறது.

பீலி ஏன் அடைபடுகிறது?

காற்று கொணரும் புழுதி, உதிர்ந்த இலை, பறவைகளின் எச்சம், கூரைத் தகட்டின் துரு, ஓட்டின் பாசி ஆகியவை மழையில் கழுவப்பட்டுப் பீலியில் சேர்கின்றன. பீலியின் சாய்வு குறைவாதலால் நீரோட்டத்தின் வேகம் அங்குத் தணிகிறது. வேகம் தணிந்த இடத்தில் வண்டல் படிகிறது. படிந்த வண்டலில் இலை மட்கி எருவாகிறது. எருவில் புல்லும் செடியும் முளைக்கின்றன. அவற்றின் வேர்கள் மேலும் வண்டலைப் பிடித்துவைக்கின்றன. இவ்வாறு ஒரு சிறிய அடைப்பு தானாகவே வளரும் தன்மை உடையது.

அடைபட்ட பீலியின் பளுவும் சிறிதன்று. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள அரைவட்டப் பீலி 10 மீட்டர் நீளம் இருப்பின், அது முழுவதும் நிறைந்த நிலையில் 88 லிட்டர் கொள்ளும். நீராயின் 88 கிலோகிராம். ஈரச் சேறாயின் அதனினும் மிகுதி. மெல்லிய இரும்புப் பட்டைகளால் தாங்கப்பட்ட பீலி இப்பளுவினால் நடுவில் தொய்கிறது. தொய்ந்த இடத்தில் நீர் தேங்குகிறது. தேங்கிய ஈரம் துத்தநாகப் பூச்சை அரித்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. சில மணி நேர உழைப்பால் தவிர்த்திருக்கக்கூடிய அடைப்பு, சில ஆண்டுகளில் பீலி முழுவதையும் மாற்ற வேண்டிய செலவாகிறது.

சுவரும் சரிவும்

மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்யும்போது 100 சதுர மீட்டர் கூரையிலிருந்து மணிக்கு 10,000 லிட்டர், அதாவது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 2.8 லிட்டர் நீர் இறங்குகிறது. பீலி ஒழுங்காக இருப்பின் இந்நீர் வகுத்த வழியில் செல்லும். அடைப்பு இருப்பின் ஒரே இடத்தில் அருவியாகக் கொட்டும். அந்நீர் சுவரின் அடியில் குழி பறிக்கிறது. மண் சுவராயின் கரைக்கிறது. செங்கல் சுவராயின் ஈரம் ஊறிப் பூச்சை உதிர்க்கிறது. மத்திய இந்தியாவின் கரிசல் நிலங்களில், நீர் ஊறிய மண் உப்பிப் பின்னர் சுருங்குவதால் அடித்தளத்தில் வெடிப்புகள் தோன்றுகின்றன.

மலைச் சரிவுகளில் ஏற்படும் கேடு இன்னும் கடுமையானது. 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ரேமல் புயலின் மழையால் அய்சாலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நேர்ந்த நிலச்சரிவுகளில் பலர் உயிரிழந்தனர். இத்தகைய பேரிடர்களுக்கு நிலத்தின் அமைப்பு, சரிவை வெட்டுதல், மிகை மழை எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றைக் கூரைப் பீலி ஒன்றினால் தடுத்துவிட இயலாது. எனினும், சரிவான மண்ணில் ஒரே இடத்தில் தொடர்ந்து நீரைக் கொட்டுதல் அம்மண்ணைத் தளர்த்தும் என்பது ஐயத்திற்கு இடமற்றது. மேல்வீட்டின் கூரைநீர் கீழ்வீட்டின் அடித்தளத்தில் விழும் ஊரில், ஒருவருடைய கவனக்குறைவின் விலையை மற்றொருவர் செலுத்த நேரிடுகிறது. பொருளியலார் இதனைப் புறவிளைவு என்பர். மழையின் அளவு வீட்டாரின் கட்டுப்பாட்டில் இல்லை. தம் கூரையின் நீர் எங்கே விழுகிறது என்பது அவர்கள் கட்டுப்பாட்டில் உள்ளது.

சமதளக் கூரைகளுக்கும் இது பொருந்தும். நாட்டின் நகரங்களில் பெரும்பாலான வீடுகள் காங்கிரீட் மொட்டைமாடி உடையவை. மாடியின் நீர்ப்போக்கி அடைபட்டு, கைப்பிடிச் சுவருக்குள் 10 சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றால், 100 சதுர மீட்டர் மாடியின் மீது 10 டன் கூடுதல் சுமை ஏறுகிறது. போக்கியின் வாயில் முளைக்கும் அரசங்கன்றும் ஆலங்கன்றும் வேரோடிச் சுவரைப் பிளப்பதை எந்த ஊரிலும் காணலாம். கன்று விரலளவாக இருக்கும்போது பிடுங்கிவிடலாம். கையளவு பருத்தபின் கொத்தனாரை அழைக்க வேண்டியிருக்கும்.

நலவாழ்வு

தேங்கிய பீலி கொசுக்களின் வளர்ப்பிடமாகும். டெங்கு, சிக்குன்குனியா ஆகிய நோய்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றியுள்ள சிறு நீர்த்தேக்கங்களில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாக வளர்வதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். நீர் வற்றினாலும் அதன் முட்டைகள் பல மாதங்கள் உலர்ந்த நிலையில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே நீரை வடித்தால் மட்டும் போதாது. பீலியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தலைக்கு மேல் உள்ளதால் பீலியில் நிற்கும் நீர், வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரின் கண்ணிற்கும் எளிதில் படுவதில்லை. ஆண்டுதோறும் மே 16ஆம் நாள் தேசிய டெங்கு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மழை தொடங்கும் முன் வருகின்ற அந்நாளைப் பீலித் தூய்மைக்குரிய நாளாகவும் வீட்டார் கொள்ளலாம்.

தொட்டியின் நீரும் பீலியின் நிலையைப் பொறுத்ததே. மேகத்திலிருந்து விழும் நீரில் புளோரைடும் ஆர்சனிக்கும் இல்லை. ஆகவே இவ்வேதிப்பொருள்களால் நிலத்தடி நீர் கெட்டுள்ள மாவட்டங்களில் கூரைநீர் ஒரு வரப்பிரசாதமாகும். ஆனால் பறவை எச்சத்தின் வழியாக நோய்க்கிருமிகள் அதில் கலக்கக்கூடும். இதனைத் தவிர்ப்பதற்கு முதல் ஓரிரு மில்லிமீட்டர் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றும் கிளைக்குழாய் தேவை. 100 சதுர மீட்டர் கூரைக்கு இது 100 முதல் 200 லிட்டர் வரை ஆகும். இதற்குப் பின்னும் குடிநீரைக் காய்ச்சுதல் நலம். தொட்டியில் கிருமிநீக்கம் செய்ய விரும்புவோர், 1,000 லிட்டர் நீருக்கு நல்ல தரமுள்ள பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் வீதம் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். அழுக்கு மிகுந்த நீரில் குளோரின் விரைவில் செலவாகிப் பயனற்றுப்போகும். எனவே மருந்திற்கு முன் தூய்மை வேண்டும்.

செய்ய வேண்டுவன

பராமரிப்பு முறை எளியது. சிறப்புப் பயிற்சி தேவையில்லை. ஒழுங்கு மட்டுமே தேவை.

முதலாவதாக, பருவமழைக்கு முன்பும் மழைக்காலம் முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பும் பீலியை முழுமையாகத் தூய்மை செய்தல் வேண்டும். மரங்கள் கவிந்த வீடுகளில், இலையுதிர்ந்த பின்னரும் ஒரு முறை செய்தல் நலம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை கீழிருந்தபடியே நோக்கினாலும் போதும். விளிம்பில் நீர் வழிந்த கறை, சுவரில் ஈரப்பட்டை, கூரையடியில் புதிதாகத் தோன்றிய குழி ஆகியவை அடைப்பின் அறிகுறிகள்.

இரண்டாவதாக, வண்டலைக் கையுறை அணிந்தோ சிறு கரண்டியாலோ அள்ளி எடுத்தல் வேண்டும். அதனை இறங்குகுழாய்க்குள் தள்ளுதல் தவறு. பீலியின் அடைப்பு குழாயின் அடைப்பாக மாறுமேயன்றி நீங்காது. அள்ளிய சேற்றைக் குடிநீருக்கு உதவாத இடத்தில் செடிகளுக்கு இடலாம். தூய்மை செய்யும் நாளில் தொட்டிக்குச் செல்லும் குழாயைப் பிரித்துவிட மறத்தலாகாது.

மூன்றாவதாக, தூய்மை செய்தபின் ஒரு வாளி நீரை மேல்முனையில் ஊற்றி ஓட்டத்தைச் சோதித்தல் வேண்டும். எங்கேனும் நீர் நின்றால் அங்குச் சாய்வு கெட்டுள்ளது என்பது பொருள். ஒரு மீட்டர் நீளத்திற்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை சாய்வு இருத்தல் போதுமானது. தளர்ந்த தாங்கிகளை இறுக்கி, இணைப்புகளின் கசிவை அடைத்தல் வேண்டும்.

நான்காவதாக, குழாயின் வாயில் வலை பொருத்துவது நன்று. ஆனால் வலை பராமரிப்புக்கு மாற்று அன்று. தட்டையான வலையின் மேல் இலைகள் படிந்து அதுவே அடைப்பாகிவிடும். குமிழ் வடிவ வலை இவ்வகையில் சிறந்தது. கூரையின் மீது தொங்கும் கிளைகளைக் கழித்துவிடுதல் இதனினும் பயனுடையது.

ஐந்தாவதாக, பாதுகாப்பு. ஏணியைக் கெட்டியான தரையில் நிறுத்தி, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள மற்றொருவர் ஏறுதல் வேண்டும். ஏணியைப் பீலியின் மீது சாய்த்தல் கூடாது. மின்கம்பி அருகில் செல்லும் வீடுகளில் உலோக ஏணியைத் தவிர்க்க வேண்டும். ஈரக் கூரையில் ஏறுதல் ஆபத்தானது. கல்நார் சிமெண்ட் தகடுகள் மனித எடையைத் தாங்காமல் உடையக்கூடியவை. அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டினால் தீங்கு பயக்கும் நுண்ணிழைகள் காற்றில் பரவும்.

கட்டுவதற்கு நிதி, காப்பதற்கு?

மழைநீர் சேகரிப்பிற்கான சட்டங்களும் நெறிமுறைகளும் நாட்டில் குறைவில்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் இது கட்டாயமாக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு, கூரை மழைநீர் சேகரிப்பிற்கான வழிகாட்டுநெறிகளை ஐ.எஸ். 15797 என்னும் எண்ணுடன் 2008இல் வெளியிட்டது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள், 100 சதுர மீட்டரும் அதற்கு மேலுமுள்ள மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பை வற்புறுத்துகின்றன. 2021ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் மழைநீரைப் பிடித்துவைக்கும் இயக்கம் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது.

ஆயினும், கட்டட அனுமதி வழங்கப்படும் நாளில் அமைப்பு உள்ளதா என்று பார்ப்பதும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அது இயங்குகிறதா என்று பார்ப்பதும் வெவ்வேறு செயல்கள். முன்னதற்குப் படிவம் உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் இல்லை. மானியம் தொட்டிக்கும் குழாய்க்கும் வழங்கப்படுகிறது. அவற்றைக் கழுவும் உழைப்பிற்கு வழங்கப்படுவதில்லை. இதனால், அமைப்பு பழுதடையும்வரை காத்திருந்து மீண்டும் மானியம் கோருவதே வீட்டாருக்கும் நிறுவனங்களுக்கும் ஆதாயமாகத் தோன்றும் நிலை ஏற்படுகிறது. எண்ணிக்கையில் சொத்து உள்ளது, பயனில் இல்லை. பள்ளி, மருத்துவ நிலையம், ஊராட்சி அலுவலகம் முதலிய பொதுக் கட்டடங்களில் இக்குறை இன்னும் தெளிவாகத் தோன்றக்கூடும். ஏனெனில் அங்குப் பீலி யாருடைய பொறுப்பு என்பது வரையறுக்கப்படாமலே இருந்துவிடலாம்.

இதற்குப் பரிகாரம் பெருஞ்செலவுடையது அன்று. பொதுக் கட்டடம் ஒவ்வொன்றிலும் பீலித் தூய்மைக்குப் பொறுப்பான ஒருவரைப் பெயரிட்டு, ஆண்டிற்கு இருமுறை பதிவேட்டில் குறிக்கச் செய்யலாம். மானியத்தின் ஒரு சிறு பகுதியை நிறுத்திவைத்து, ஓராண்டு முறையான பராமரிப்பிற்குப் பின் வழங்கலாம். முதியோரும் தனித்து வாழ்வோரும் ஏணி ஏற இயலாதாகையால், அண்டை அயலாரின் கூட்டுழைப்பு வேண்டும். மிசோரத்தில் ‘நாட்லாங்’ எனப்படும் ஊர்க் கூட்டுழைப்பு மரபு இன்றும் உயிரோடுள்ளது. 1935இல் தோன்றிய யங் மிசோ அசோசியேஷன் அம்மரபைப் பேணி வருகிறது. ஊர் கூடிப் பாதையைச் செப்பனிடும் நாளில் முதியோர் வீட்டுப் பீலியையும் துடைத்துவிடுவது கடினமன்று. இத்தகைய மரபு பிற மாநிலங்களிலும் வெவ்வேறு பெயர்களில் இருந்ததுண்டு. அதனை மீண்டும் உயிர்ப்பிக்கலாம்.

நாட்டின் நீர்ச் சிக்கலுக்குக் கூரைப் பீலி முழுத் தீர்வாகாது. ஆனால் பெருந்திட்டங்கள் வழங்கும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும், வானம் வழங்கும் நீரை வீணாக்காமல் ஏற்கவும் அது துணைபுரிகிறது. ஆண்டிற்கு இரண்டு முற்பகல் நேர உழைப்பு, ஐந்து மாத வறட்சியில் ஒரு குடும்பத்தின் குடிநீரைக் காக்கிறது. சுவரையும் அண்டை வீட்டின் அடித்தளத்தையும் காக்கிறது. இவ்வளவு குறைந்த முதலீட்டில் இவ்வளவு பயன் தரும் செயல்கள் வளர்ச்சித் துறையில் அரியவை. அடுத்த மழை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டாரும், ஒவ்வோர் அலுவலகத் தலைவரும் தம் கூரை விளிம்பை ஒரு முறை நிமிர்ந்து நோக்குவார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.